ரைஸ்மில், கல்குவாரி, ஐந்தருவி

அந்தச் சங்கீதத்துக்கு ஹெவி மெட்டல் என்று பெயர் என்பது, அதைக் கேட்டுப் பல வருஷம் கழித்து என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள், அம்மாவைப் பயமுறுத்திப் பார்க்கும் ஆசையில், ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது ரைஸ்மில் வகை. ஆனா கல்குவாரி அளவுக்கு இல்ல" என்றேன். பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற பிள்ளையிடம் அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை.

அந்த மரியாதை தென்காசியில் நான் குடியிருந்த வீட்டு அக்காவுக்குச் சேர வேண்டியது. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. கல்யாணமாகி நான் கோயம்புத்தூருக்கு வந்ததோடு தொடர்பு விட்டுப்போயிற்று. விட்டுப்போனதற்கு வருத்தப்படாத மாதமில்லை.

எண்பதுகளில் நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சொந்த ஊர் வாசுதேவநல்லூர். ஷிப்ட் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது என்பதால் முஸ்லிம் தெரு ஒன்றில் மாடி அறை வாடகைக்கு எடுத்தேன். கீழே அக்காவும், எங்கள் எல்லாருக்கும் மாமியான அவள் மாமியாரும் இருந்தார்கள். அக்காவின் கணவர் துபாயில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். எட்டு வருஷக் கல்யாணத்தில் அவர் ஊருக்கு வந்து தங்கிய மாதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு கேசட்டைப் போட்டு வாயை அடைத்துவிடுவாள்.

நான் குடிவந்த வாரம், வெள்ளிக்கிழமை, எனக்கு ஓய்வுநாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிறேன், கீழே இரும்புப் பீரோவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி சத்தம். நடுவில் ஒரு ஆண் குரல் அடித்தொண்டையில் கத்துகிறது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். உள்ளறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"என்னக்கா, என்ன ஒடஞ்சிது?"

"ஒண்ணும் ஒடயலட்டி. வந்து உக்காரு. இப்பதான் நல்ல இடம் வருது."

பெயர் என்ன, ஊர் என்ன என்று அவள் அதுவரை என்னிடம் கேட்டிருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்த நல்ல இடம் வந்தபோது என் மணிக்கட்டை ஒரு அழுத்து அழுத்தினாள். எனக்கு அதில் நல்லது கெட்டது ஒன்றும் புலப்படவில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

அவள் குணமே அதுதான். நன்றாக இருக்கிறது என்று தோன்றிவிட்டால், அது என்னவாக இருந்தாலும், தனியாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. யார் கையையாவது பிடித்து இழுத்துவந்து அதன் முன்னால் நிறுத்த வேண்டும். குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினால் தென்காசி வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்கு ஒவ்வொரு சுளை போய்ச் சேர்ந்திருக்கும். முதல் பழம் இனித்துவிட்டால் போதும், முன் சீட்டு, பின் சீட்டு, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என்று யாரையும் விடமாட்டாள். "தின்னு பாருங்க அண்ணாச்சி, சும்மா கல்கண்டு" என்பாள். பழம் புளித்தால் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மொத்தத்தையும் அவளே தின்பாள். அதில் யாருக்கும் பங்கில்லை.

சாரல் காலத்தில் ஒருமுறை என்னை மெயின் அருவிக்கு அழைத்துப் போனாள். பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெரிந்தது. வெளியூர் அம்மா ஒருத்தி பாறை ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் தெறித்த தண்ணீருக்கே நடுங்கிக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "அங்கன நிக்காதீங்க, இங்கன வாங்க, இங்கனதான் நல்லா விழுது" என்று அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். அந்த அம்மா முதலில் அலறினாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் எத்தனை கூப்பிட்டும் வெளியே வர மறுத்துவிட்டாள்.

தண்ணீருக்குள் நிற்கும்போது அக்கா என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்து தலை துவட்டும்போது, "என்னக்கா சொன்ன?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. சும்மா கத்துனேன். இதுக்குள்ள நின்னா கத்தலாம், யாருக்கும் கேக்காது. நம்ம கேசட்டும் அப்படித்தாம்ட்டி."

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிபட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். வாரம் பூராவும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "பேசுங்க, பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்று ஊரார் கத்தலைக் கேட்பவளுக்கு, நம்மிடம் எதுவும் கேட்காத ஒரு சத்தம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரிந்தது.

அந்தக் கேசட்டுகள் அவள் வீட்டுக்கு வந்ததே வேறு காரியத்துக்காக. அப்போது துபாய்க்காரர்கள் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் இருப்பவர்கள் கேட்டுவிட்டு, தாங்கள் ஒரு கேசட்டில் பேசி, திரும்பிப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அக்காவின் கணவர் சிக்கனக்காரர். அவர் அறையில் இருந்த பிலிப்பைன்காரன் ஒருவன் பழைய கேசட்டுகளைக் கழிக்கும்போது வாங்கிவைத்துக்கொள்வார். ஒன்றில் தான் பேசுவார். கூட இரண்டு மூன்றை, நீங்கள் பேசுங்கள் என்று சும்மா அனுப்புவார். கேசட்டின் பின்பக்கத்து ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்தால்தான் அதன்மேல் பதியும். பீடித்தூள் பொட்டலத்தின் காகிதத்தைத்தான் மாமி கிழித்துத் திணிப்பாள். "கேசட்டத் தொறந்தா நம்ம வீட்டு வாசம் வருது" என்று அவர் ஒருமுறை பேசி அனுப்பியிருந்தார்.

அவர் குரல் முடிகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு மூச்சு அமைதி. உடனே ஏதோ ஒரு பாட்டு நடுவிலிருந்து பாய்ந்து வரும். முதல் தடவை அது வந்தபோது மாமி பயந்துபோய் துஆ ஓதினாளாம். அக்கா மட்டும் நிறுத்தாமல் கடைசிவரை கேட்டாளாம்.

அதிலிருந்து வாரம் பூராவும் கேட்பாள். உலை வைக்கும்போது ஒன்று, துணி துவைக்கும்போது ஒன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வாரத்தில் எது பிடித்தது என்று எங்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவாள். நாங்கள் என்றால் மாமி, பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து, நான். பாத்துமுத்து கணவனை இழந்தவள், வாய்த்துடுக்கு அதிகம். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாததால் கேசட்டுகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். ரைஸ்மில், கல்குவாரி, ஐந்தருவி.

"இந்த வாரம் கல்குவாரி முந்திட்டு" என்று ஆரம்பிப்பாள். "மொதப் பக்கம் பூரா கல்லு ஒடைக்கான். ரெண்டாம் பக்கத்துல ஒருத்தன் தனியா நின்னு அழுவுதான். அந்த அழுகைய மறைக்கத்தான் மொதல்ல அம்புட்டுக் கோவம். எனக்கே இந்த வாரம்தான் வெளங்குச்சு."

நான் எக்ஸ்சேஞ்சில் கற்ற இங்கிலீஷை வைத்து வார்த்தைகளைப் பிடிக்கப் பார்த்தேன். நெருப்பு என்றும் ராத்திரி என்றும் ஏதோ வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா தடுத்துவிட்டாள்.

"அர்த்தம் சொல்லாதட்டி. அர்த்தம் தெரிஞ்சா அது அவன் கோவமா போயிரும். இப்ப என் கோவமால்லா இருக்கு."

மாமிக்குக் கல்குவாரி பிடிக்கும், கை நிதானமாக ஓடும் என்பாள். ரைஸ்மில் போட்டால் எல்லார் விரலும் பறக்கும். இலை உருளும், நூல் சுற்றும், பீடியின் வாயை மடக்கத்தான் நேரமிருக்காது. ஒரு தடவை பீடிக் கடையில் கட்டுகளைக் கழித்துப் போட்டுவிட்டு, "என்ன ஆச்சி, எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். பாத்துமுத்து அசரவில்லை. "அது ரைஸ்மில் பீடி அண்ணாச்சி, அப்படித்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு வெறும் விளையாட்டு இல்லை. மகன் குரல் இருக்கும் கேசட்டை அழிக்கவே கூடாது என்பது மாமியின் சட்டம். குரல் இல்லாத கேசட்டில்தான் பதில் பேச வேண்டும். அதாவது முழுப் பாட்டு இருக்கும் கேசட்டுகள்தான் ஒவ்வொன்றாக அழியும். தென்காசியில் புதுக் கேசட் வாங்கலாம், ஆனால் பாதியில் நாடா சிக்கிக்கொள்ளும் என்று மாமி நம்பமாட்டாள். ஆகவே துபாய்க்கு ஆள் கிளம்புகிறது என்றால் எதைக் காப்பாற்றுவது, எதைக் கொடுப்பது என்று அக்கா அந்த வாரம் பூராவும் கேட்டுக் கேட்டுத் தவிப்பாள். அழிப்பதற்கு முன் எங்கள் எல்லார் காதிலும் ஒருமுறை விழுந்துவிட வேண்டும் என்பதில் அவளுக்குப் பிடிவாதம்.

இவ்வளவும் கணவருக்குத் தெரியாது. "பின்னால அந்தப் பய பாட்டு கெடக்கும், சனியன், அத அழிச்சிட்டு நீ பேசு" என்றுதான் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். கண்டக்டர் முதற்கொண்டு கையைப் பிடித்து இழுக்கிறவள் அவரை மட்டும் இழுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டேன்.

"அவுக வெயில்ல கெடந்து வெல்டிங் அடிச்சிட்டு வருதாக. நான் இங்கன பாட்டப் போட்டுக் கூத்தடிக்கேன்னு நெனச்சிட்டா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பழகவே இல்லயேட்டி, அவுக எப்படின்னு எனக்கு என்ன தெரியும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் புதுப்பெண்ணின் குரலாக இருந்தது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

அவள் பேசி அனுப்பும் பதிலும் அப்படித்தான் இருக்கும். மாமி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பாள். "பண்பொழி மாமாக்கு சொகமில்லன்னு சொல்லு." அக்கா அதைச் சொல்லுவாள். "பணம் கெடச்சிதுன்னு சொல்லு." அதையும் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற குரல். பாதிப் பக்கம் ஓடுவதற்குள் வஸ்ஸலாம் சொல்லி முடித்துவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாய் கிளம்புகிறார். வீட்டில் குரல் இல்லாத கேசட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஐந்தருவி. முதலில் கேட்டால் ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். காது பழகினால் ஐந்து தாரையாகப் பிரியும். அக்காவின் உயிர் அது. கடைசித் தடவையாக இரண்டு பக்கமும் போட்டாள். பிறகு மாமி காகிதம் திணித்தாள். அக்கா சிவப்புப் பட்டனை அழுத்தி, "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், நாங்க எல்லாரும் சொகம்" என்று தொடங்கி வஸ்ஸலாம் வரை சொல்லி முடித்தாள். முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி, ஒரு பாட்டுக்கா அழுவுத?" என்றாள் பாத்துமுத்து. "போனது போவட்டும். ஒனக்குத்தான் தலகீழா தெரியுமே, நீயே பாடிக் காட்டேன்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். சுளவைக் கவிழ்த்து அதில் தட்ட ஆரம்பித்தாள். வாயாலேயே கிட்டார் கம்பி இழுத்தாள். அடித்தொண்டையில் அந்த ஆளைப்போலவே, இல்லாத இங்கிலீஷில், கத்தினாள். தலைத்துணி நழுவியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பாத்துமுத்துவுக்குப் புரையேறியது. மாமிகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூச்சு வாங்க உட்கார்ந்த அக்கா, அந்தச் சிரிப்பின் வேகத்தில் சொன்னாள்:

"உண்மையச் சொல்லட்டா? அவுக கேசட் வந்தா, அவுக பேச்சு எப்பம் முடியும், எப்பம் பாட்டு வரும்னுதான் எனக்கு இருக்கும்."

அதற்கும் சிரித்தோம்.

மறுநாள் கடையநல்லூர்க்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமியே கேசட்டை எடுத்துக் கொடுத்தனுப்பினாள். அக்கா இறங்கி வந்து, பேச்சோடு பேச்சாக, "நாடா எம்புட்டு ஓடியிருந்துச்சு மாமி?" என்றாள்.

"எல்லாம் ஒரு பக்கமாத்தான் சுத்திக் கெடந்துச்சு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுத அழுகையில் அவள் பட்டனை நிறுத்தவே இல்லை. கத்தியது, சிரித்தது, கடைசியில் சொன்னது எல்லாம் அந்தக் கேசட்டில் இருந்தது. சாயங்காலம் நான் ஷிப்ட் முடித்து வந்தபோதும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் டூ-இன்-ஒன் பாடவில்லை. பெண்கள் வந்தார்கள், சுற்றினார்கள், போனார்கள். பீடியெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக நின்றது. அறைக்குள் எட்டுப் பேரோடு இருக்கும் மனுசன் அந்தக் கேசட்டைப் போட்டிருப்பார், எல்லாரும் கேட்டிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அவள் இளைத்துப்போனாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் ட்ரங்க் கால் புக் பண்ணித் தாரேன்க்கா. நீயே பேசிரு" என்றேன்.

"என்னன்னு பேச? சொன்னது பொய்யின்னா? பொய் இல்லயேட்டி" என்றாள். "அவுக பேச்சுல அவுகளே இருக்கமாட்டாக. காசு வந்துச்சா, மாமாக்கு எப்படியிருக்கு, இதான் இருக்கும். அத எப்படி நான் அவுககிட்ட சொல்ல?"

நாள் முழுக்க மனுசரை மனுசரோடு இணைத்துவிடுவதுதான் என் வேலை. இந்த ஒரு லைனை என்னால் போட முடியவில்லை.

ரொம்ப நாள் கழித்து, சாரல் ஓய்ந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலம் வந்தது. ஒரு கேசட்டும், உறை பிரிக்காத புதுக் கேசட் ஒன்றும். அக்கா போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் நாங்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு மாமிதான் போட்டாள்.

ஸலாம் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் ஏதோ மின்விசிறி சத்தம் மட்டும் வந்தது.

"கேசட் கெடச்சிது. பூராவும் கேட்டேன். தனியாத்தான் கேட்டேன்." மறுபடி மின்விசிறி. "நீ இப்படிச் சிரிப்பன்னு எனக்குத் தெரியாது. எட்டு வருசமாச்சு. நான் கேட்டதே இல்ல." தொண்டையைச் செருமினார். "எனக்குப் பேச வராது. என்ன பேசன்னும் தெரியாது. அதனால இந்தத் தடவ ரொம்பப் பேசல. நீ பாட்டக் கேளு. நானே அந்தப் பிலிப்பைன்காரன்கிட்ட கேட்டு எடுத்தது. நாலு வெள்ளிக்கிழம அவன்கூட உக்காந்து கேட்டேன். இதுல மூணாவது பாட்டு நல்லாயிருக்கோன்னு எனக்குத் தோணுது. சரியா தப்பான்னு நீ சொல்லு."

டக். ஒரு மூச்சு அமைதி. பாட்டு வந்தது. எப்போதும்போல நடுவிலிருந்து பாயவில்லை. முதல் அடியிலிருந்து முழுசாக வந்தது. தன் பேச்சை முதலில் பதிந்துகொண்டு, அதன் பின்னால் பாட்டைப் பதிந்திருக்கிறார். பாட்டின் தலையை வெட்டக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

அக்கா அசையவில்லை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது வந்ததும் பாத்துமுத்து சுளவைக் கீழே வைத்துவிட்டாள். எல்லாரும் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு முடியும்வரை அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள் மாமி, தயங்கித் தயங்கி.

"மண்ணாங்கட்டி" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "வெறும் தகரம். ஊரக் கூட்டுதான், உள்ள ஒண்ணும் இல்ல. மொதப் பாட்டுல்லா பாட்டு! அத விட்டுட்டு மூணாவதாம். நாலு வெள்ளிக்கிழம உக்காந்து கேட்ட காத பாரு!"

சொல்லிக்கொண்டே எழுந்தாள். புதுக் கேசட்டின் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். மாமி வழக்கம்போல நகர்ந்து, எடுத்துக் கொடுக்கத் தோதாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அக்கா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். "மாமி, நீங்களும்."

மாமி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சுளவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நாங்களும் எழுந்தோம். அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பாத்துமுத்து போய்க் கதவில் காதை வைத்தாள். மாமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கிட்டு வாட்டி. பேசட்டும்."

முற்றத்தில் போய் உட்கார்ந்தோம். உள்ளே அவள் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கவில்லை. சிரிப்பது கேட்டது, சண்டை போடுவது கேட்டது, சில சமயம் ஒன்றுமே கேட்கவில்லை. மாமி ஒரு கட்டுப் பீடியைச் சுற்றி முடித்து அடுத்ததற்கு இலை எடுத்தாள். அப்போது உள்ளே ஒரு பக்கம் முடிந்து பட்டன் துள்ளும் சத்தம் கேட்டது. வந்துவிடுவாள் என்று மூன்று பேரும் கதவைப் பார்த்தோம்.

அக்கா கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.